ரெண்டு தடவை அமுக்கினா புடிக்கும்!

நம்ம ஹாஸ்டல் பார்க்கிங்கில் ஒரு வாக்கியம் சர்வ சாதாரணமா உலவுது. யாராவது பைக் சாவி கேட்டால், குடுக்கிறவர் சாவியோடு சேர்த்து இதையும் குடுப்பார்: "ஃப்ரன்ட் பிரேக் மட்டும் ரெண்டு தடவை அமுக்கினா புடிக்கும்டா." வாங்கறவரும் "சரி மச்சி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிடுவார். பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு கேட்கிற அளவுக்குக்கூட யாரும் இதைப் பத்திக் கேட்கிறதில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். அந்த வாக்கியம் ஒரு டிப்ஸ் இல்லை. "இந்த வண்டியோட பிரேக் சரியில்லை, அது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் உன்கிட்ட தர்றேன்" என்பதன் சுருக்கம் அது. அப்படி ஒரு வண்டியை ஓட்டக் கூடாது. கடன் குடுக்கக் கூடாது. கடன் வாங்கவும் கூடாது.

சிஎஸ்இ, இசிஇ நண்பர்களே, மெக்கானிக்கல் பசங்க சமாச்சாரம்னு ஸ்க்ரோல் பண்ணிப் போயிடாதீங்க. பைக் ஓட்டுற எல்லாருக்கும், பைக்கில் பின்னாடி உட்கார்ந்து போற எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதறேன்.

புது லைன் போட்டாச்சு, அப்புறம்?

பழைய பைக் வைத்திருக்கும் பலர் இப்போ பிரேக் ஓஸை மாத்தறாங்க. கம்பெனியில் வந்த ரப்பர் ஓஸுக்குப் பதிலா ஸ்டீல் பின்னல் போட்ட லைன். இதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ரப்பர் ஓஸ் வயசாக வயசாக வெடிப்பு விடும். அழுத்தம் ஏறும்போது லேசா உப்பும். பின்னல் லைன் அவ்வளவு உப்பாது, அதனால லீவர் கையில் கெட்டியா இருக்கும். மாத்த வேண்டிய நேரத்தில் மாத்தறது நல்ல விஷயம்தான்.

பிரச்சினை மாத்தின பிறகுதான் ஆரம்பிக்குது. புது லைன் கவரிலிருந்து வரும்போது அதுக்குள்ள ஆயில் இருக்காது. முழுக்கக் காற்றுதான். ரெண்டு போல்ட்டைக் கழற்றி, மாட்டி, முறுக்கறது அரை மணி நேர வேலை. பளபளன்னு இருக்கும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம். ஆனா அந்தக் காற்றை வெளியே எடுக்கறது பொறுமை வேலை. கை முழுக்க ஆயில், கீழே உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போகும், போட்டோ எடுக்கவும் ஒண்ணும் இருக்காது. அதனாலதான் பாதியில் விட்டுடறோம். "ஓரளவுக்கு வந்துடுச்சு, ஓட்ட ஓட்டச் சரியாயிடும்" என்று நம்மையே சமாதானப்படுத்திக்கிறோம்.

ஓட்ட ஓட்டச் சரியாகாது. நல்லா மாட்டி, சரியா காற்று எடுக்காத புது லைனைவிட, காற்று இல்லாத பழைய லைன் எவ்வளவோ மேல். பழைய லைன் அடுத்த மாசம் ஏமாத்தலாம். இது இன்னைக்கே ஏமாத்தும்.

ஒரு மில்லி காற்று என்ன செய்யும்?

பாஸ்கல் விதியைப் பள்ளியிலேயே படிச்சோம். மூடிய திரவத்தில் ஒரு இடத்தில் குடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ரெண்டு மார்க் கேள்வி. ஹைட்ராலிக் பிரேக் படம் போட்டால் அஞ்சு மார்க். அந்தப் படத்தில் குழாய் முழுக்கத் திரவம்தான் இருக்கும். குமிழி வரைஞ்ச படத்தை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். முன் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 12.7 மில்லிமீட்டர் விட்டம்னு வெச்சுக்குவோம். லீவரை முழுசா இழுத்தா பிஸ்டன் 10 மில்லிமீட்டர் நகருதுன்னு வெச்சுக்குவோம். ஒரு தடவை அமுக்கினா நகரும் ஆயில் சுமார் 1.27 மில்லிலிட்டர். அவ்வளவுதான் உங்க கையிருப்பு. பேடை டிஸ்க் வரைக்கும் தள்ளறதும், அதுக்கப்புறம் நெருக்கிப் பிடிக்கறதும் இந்த ஒண்ணேகால் மில்லிக்குள்ள நடந்தாகணும்.

இந்த லைனில் 1 மில்லி காற்று மாட்டிக்கிச்சுன்னு வைங்க. வெளியே இருக்கும் காற்றழுத்தம் 1 பார். பிரேக் பிடிக்கும்போது லைனுக்குள்ள 40 பார் வரணும்னா, அந்தக் குமிழி நாற்பதில் ஒரு பங்கா சுருங்கணும். அதாவது 0.025 மில்லி. மீதி 0.975 மில்லி எங்கே போச்சு? அது குமிழியைச் சுருக்கறதுக்கே செலவாயிடுச்சு. 10 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் கிட்டத்தட்ட 7.7 மில்லிமீட்டர் வீண். மிச்சம் 2.3 மில்லிமீட்டரில்தான் வண்டி நிக்கணும். நிக்காது. அதுக்குள்ள லீவர் ஹேண்டில் கிரிப்பில் முட்டிடும்.

1 மில்லின்னா எவ்வளவு? இருபது சொட்டுத் தண்ணி. அவ்வளவு காற்று போதும், ஒரு நல்ல டிஸ்க் பிரேக்கை அலங்காரப் பொருளா மாத்த.

இன்னொரு கணக்கும் பாருங்க. ஒரு மீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள புது லைன்னா அதுக்குள்ள சுமார் 7 மில்லி காற்று இருக்கும். நம்ம லீவர் ஒரு அமுக்குக்கு ஒண்ணேகால் மில்லிதான் தள்ளும். அதனாலதான் சும்மா ஆயில் மாத்தும்போது காற்று எடுக்கறதும், லைன் மாத்தின பிறகு காற்று எடுக்கறதும் ஒண்ணு இல்லை. முதல் கொஞ்ச நேரம் லீவரை எவ்வளவு அமுக்கினாலும் கையில ஒண்ணுமே தெரியாது. அங்கேயே பலர் பொறுமையை இழந்துடறாங்க.

அப்போ ரெண்டாவது தடவை ஏன் புடிக்குது?

இதுதான் நம்மளை ஏமாத்துற இடம். லீவரைச் சட்டுன்னு விட்டுத் திரும்ப அமுக்கும்போது, பிஸ்டன் வேகமா பின்னாடி வருது. லைனில் இருக்கும் ஆயில் அதே வேகத்தில் திரும்பி வராது. அந்த இடைவெளியில் மேலே இருக்கும் சின்ன டேங்கிலிருந்து கொஞ்சம் ஆயில் சீலைத் தாண்டி உள்ளே வந்துடும். இப்போ லைனில் கூடுதல் ஆயில். குமிழி ஏற்கெனவே பாதி சுருங்கித்தான் இருக்கு. அதனால ரெண்டாவது அமுக்கு கெட்டியா தெரியும்.

ஆனா அந்தக் கூடுதல் ஆயில் அங்கேயே தங்காது. லீவரை விட்டுச் சில நொடிகளில் டேங்குக்கே திரும்பிடும். குமிழி பழையபடி விரிஞ்சிடும். அடுத்த சிக்னலில் மறுபடி முதல் அமுக்கு காலி.

முதல் அமுக்கு வீணாகி ரெண்டாவது அமுக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எல்லாம் தெரிஞ்ச ஓனருக்கே அரை செகண்ட் ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு செகண்டில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிடும். அரை செகண்டுன்னா 7 மீட்டர். முன்னாடி போற ஆட்டோவுக்கும் உங்களுக்கும் நடுவில் நம்ம ஊர்ல 7 மீட்டர் இடைவெளி விட்டு யாராவது ஓட்டி நீங்க பார்த்திருக்கீங்களா?

பேட் தேஞ்சு போனாலோ, டிஸ்க் வளைஞ்சு போனாலோகூட முதல் அமுக்கு ஆழமா போகலாம். ஆனா லைன் மாத்தின மறுநாள் இப்படி இருந்தா, முதல் சந்தேகம் காற்று மேலதான் வரணும்.

பழகிப்போன கை

பிரேக் லைனில் காற்று இருந்தா டேஷ்போர்டில் எந்த லைட்டும் எரியாது. இங்கே லாரியையும் நம்ம பைக்கையும் ஒப்பிட்டுப் பாருங்க. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் போனா வரிசையா லாரிகள் நிக்கும். பெரிய லாரிகளில் ஏர் பிரேக். அங்கே காற்றுதான் வேலைக்காரன். பின்சக்கர பிரேக்கை விடுவிச்சு வெச்சிருக்கறதே காற்றழுத்தம்தான். காற்று ரொம்ப இறங்கிப் போனா, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பாய்ஞ்சு பிரேக்கைப் பிடிச்சிடும். வண்டி நகராது. கோளாறு வந்தா வண்டி நின்னுடும்படி டிசைன் பண்ணியிருக்காங்க.

நம்ம பைக் ஹைட்ராலிக் பிரேக்கில் அப்படி ஒரு காப்பும் கிடையாது. காற்று உள்ளே இருக்குன்னு சொல்ற ஒரே சென்சார் உங்க விரல்கள்தான். அந்தச் சென்சாருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பழகிக்கும். ரெண்டு வாரம் ரெண்டு தடவை அமுக்கினா, உங்க கை அதையே இயல்புன்னு எடுத்துக்கும். நீங்களே அறியாம முன்கூட்டியே ஒரு தடவை அமுக்கி வெச்சுக்குவீங்க. உங்களுக்கு அந்த வண்டி ஓகே. ஆனா அந்த ட்ரெய்னிங் உங்க கைக்கு மட்டும்தான் கிடைச்சிருக்கு. சாவியை வாங்கிட்டுப் போறவன் கைக்குக் கிடைக்கலை. நீங்க வாயால சொன்னது அவன் மூளைக்குப் போயிருக்கும். பதட்டத்தில் பிரேக் அடிக்கறது மூளை இல்லை.

போன வருஷம் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு நடந்தது இது. பெயர் வேண்டாம். புது லைன் மாட்டி ஒரு நாள்தான் ஆன வண்டியைக் கடன் வாங்கிட்டுப் போனார். ஓனர் சொல்லித்தான் குடுத்தார். மெயின் ரோட்டில் முன்னாடி போன ஆட்டோ ஒரு ஆளை ஏத்தறதுக்காகத் திடீர்னு ஓரங்கட்டி நின்னது. முதல் அமுக்கில் லீவர் கிரிப் வரைக்கும் வந்துடுச்சு. ரெண்டாவது அமுக்குக்கு நேரமே இல்லை. பயத்தில் பின் பிரேக்கை முழு பலத்தோடு மிதிச்சார். பின்சக்கரம் லாக் ஆகி வண்டி வழுக்கி விழுந்துடுச்சு. காலர் எலும்பு முறிவு. ஆறு வாரம் கை தொங்கப்போட்டுத்தான் வகுப்புக்கு வந்தார். அந்த ரெண்டு பேரும் இன்னும் ஒரே மெஸ்ஸில்தான் சாப்பிடறாங்க. பேசிக்கிறதில்லை.

ஓனர் "நான் சொல்லித்தானே குடுத்தேன்" என்பார். சொன்னதுதான் பிரச்சினை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 190-ஆவது பிரிவைப் படிச்சுப் பாருங்க. ஆபத்தான கோளாறு இருக்குன்னு தெரிஞ்சும், அல்லது சாதாரண கவனம் இருந்தாலே தெரிஞ்சிருக்க வேண்டிய நிலையிலும், வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுறவர் மட்டும் இல்லை, ஓட்ட அனுமதிக்கிறவரும் குற்றவாளிதான். "ரெண்டு தடவை அமுக்கினா புடிக்கும்" என்று சொன்ன நொடியிலேயே, தெரியும்னு நீங்களே ஒப்புக்கிட்டீங்க.

சரி, எப்படிக் காற்று எடுக்கறது?

எல்லா வண்டிக்கும் மேனுவல் இருக்கு. அதில் சொன்ன வரிசையும் சொன்ன ஆயிலும்தான் இறுதி. நான் சொல்றது வேலையோட லாஜிக்கை.

முதல்ல பொருட்கள். சீல் உடைக்காத புது பிரேக் ஆயில், டேங்க் மூடியில் எழுதியிருக்கும் அதே கிரேடு. பெரும்பாலான பைக்குகளில் டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில். நம்பர் பெருசா இருக்கேன்னு அதை ஊத்தக் கூடாது, மத்ததோட சேராது. அப்புறம் புது காப்பர் வாஷர்கள். பான்ஜோ போல்ட் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு. பழைய வாஷர் ஒரு தடவை நசுங்கிடுச்சு, அது மறுபடி சரியா சீல் ஆகும்னு நம்பக் கூடாது. நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், ஒரு பாட்டில், நிறைய பழைய துணி. ஆயில் பெயின்ட்டில் பட்டா பெயின்ட் உரிஞ்சிடும். பட்ட உடனே தண்ணி ஊத்திக் கழுவணும். பேட் மேலயோ டிஸ்க் மேலயோ ஒரு சொட்டுகூட விழக் கூடாது.

அப்புறம் ஆள். இது ரெண்டு பேர் வேலை. ஒருத்தர் லீவரில், ஒருத்தர் நிப்பிளில். ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குக் கேட்கணும்.

"அமுக்கு." லீவர்காரர் மெதுவா அமுக்கறார்.
"பிடிச்சுக்கோ." விடாம பிடிச்சிருக்கார்.
"திறக்கறேன்." நிப்பிளைக் கால் சுற்று திறக்கறார். டியூப்பில் ஆயிலும் குமிழியும் வரும். லீவர் உள்ளே போகும்.
"மூடிட்டேன்." நிப்பிள் மூடியாச்சு.
"விடு." இப்போதான் லீவரை விடணும்.

இந்த வரிசையில் ஒரே ஒரு தப்பு எல்லாத்தையும் கெடுத்துடும். நிப்பிள் மூடறதுக்கு முன்னாடி லீவரை விட்டா, வெளியே போன காற்று அதே வழியில் உள்ளே வந்துடும். அதுக்குத்தான் வாய்விட்டுச் சொல்றது. மெக்கானிக் ஷாப்பில் அண்ணனும் பையனும் "அமுக்கு, விடு"ன்னு கத்திக்கிட்டே இருப்பாங்க, கேட்டிருப்பீங்க. அது சும்மா சத்தம் இல்லை.

நாலஞ்சு சுற்றுக்கு ஒரு தடவை மேலே டேங்கைப் பாருங்க. ஆயில் குறைஞ்சு அடி ஓட்டை தெரிஞ்சா, மேலேயிருந்து காற்று உறிஞ்சிடும். பழையபடி ஆரம்பத்திலிருந்து வரணும். பாட்டிலில் வந்த பழைய ஆயிலை மறுபடி டேங்கில் ஊத்தாதீங்க. சாக்கடையிலும் ஊத்தாதீங்க.

லைன் மாத்தின வண்டியில் ஒரு தனிச் சிக்கல் இருக்கு. காற்று எப்பவும் மேலே போகத்தான் பார்க்கும். நாம அதைக் கீழே இருக்கும் நிப்பிள் வழியா தள்ளிவிடப் பார்க்கறோம். ரெண்டும் எதிரெதிர் திசை. நாம மெதுவா தள்ளினா குமிழி திரும்ப மேலே ஏறி, மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் இருக்கும் பான்ஜோ போல்ட்டில் போய் உட்கார்ந்துக்கும். அங்கே ஒளிஞ்சிருக்கும் காற்றுதான் பல பேர் தலைவலிக்குக் காரணம். கீழே குமிழியே வரலை, லீவர் மட்டும் இன்னும் ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டரை உயரமா வெச்சு, லைனை விரலால் தட்டிக் குடுத்தா கொஞ்சம் கொஞ்சமா டேங்குக்குள் குமிழி வரும். இல்லைன்னா துணியைச் சுத்திக்கிட்டு, அதே அமுக்கு, பிடி, திற, மூடு முறையை மேலே இருக்கும் போல்ட்டிலும் செய்யலாம்.

இதைவிட எளிய வழி ஒண்ணு இருக்கு. பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை எடுத்து, கீழே நிப்பிள் வழியா மெதுவா மேல்நோக்கித் தள்றது. காற்று போக விரும்பும் திசையிலேயே அனுப்பறோம். காலியான புது லைனுக்கு இது நல்லா வேலை செய்யும். மேலே டேங்க் நிறைஞ்சு வழியாம ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

ராத்திரி லீவரை இழுத்துக் கயிறு கட்டி வைக்கும் வழக்கமும் உண்டு. சின்னக் குமிழிகள் மெதுவா மேலே சேர்ந்து, காலையில் லீவரை விடும்போது டேங்குக்குப் போகும். மிச்சம் மீதி எடுக்க இது உதவும். முழு வேலைக்கு இது மாற்று இல்லை.

முடிச்சாச்சுன்னு எப்போ சொல்றது? முதல் அமுக்கே கெட்டியா இருக்கணும். பத்து நிமிஷம் கழிச்சு வந்து அமுக்கினாலும் அதே முதல் அமுக்கு கெட்டியா இருக்கணும். பலமா அமுக்கி ஒரு நிமிஷம் பிடிங்க. லீவர் மெதுவா உள்ளே இறங்கினா அது காற்று இல்லை, எங்கேயோ லீக் அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கு. போல்ட், நிப்பிள் எல்லாம் மேனுவலில் சொன்ன டார்க்கில் முறுக்கியிருக்கான்னு பார்த்து, வெள்ளைத் துணியால் துடைச்சு ஈரம் பாருங்க. அப்புறம் காலி கிரவுண்டில் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பாருங்க. அடுத்த நாள் காலையில் மறுபடி அமுக்கிப் பாருங்க. அதுக்கப்புறம்தான் ரோடு.

கொல்லிமலைக்குக் கிளம்பறவங்களுக்கு

லாங் வீக்கெண்டு வந்தா போதும், எழுபது கொண்டை ஊசி வளைவுன்னு ஸ்டோரி போட ஒரு கூட்டம் கிளம்பிடும். ஏறும்போது எஞ்சின் வேலை. இறங்கும்போதுதான் பிரேக் வேலை. வண்டியும் ரெண்டு பேரும் சேர்ந்து 280 கிலோன்னு வெச்சு, 1000 மீட்டர் உயரம் இறங்கினா வெளியாகும் ஆற்றல் சுமார் 27 லட்சம் ஜூல். 8 லிட்டர் தண்ணியை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுபோக அது போதும். காத்தும் எஞ்சின் பிரேக்கிங்கும் ஒரு பங்கை எடுத்துக்கும். மீதி முழுக்க உங்க டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடா இறங்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 தரம் புதுசா இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினபின் அந்த அளவு 155 டிகிரி. டாட் 3-க்கு 205-உம் 140-உம். ஆயில் கொதிச்சா ஆவி. ஆவியும் காற்று மாதிரியே சுருங்கும். அதாவது சமவெளியில் நல்லா இருந்த பிரேக், இறங்கும் வழியில் முப்பதாவது வளைவில் திடீர்னு தொளதொளன்னு ஆகலாம். அதனால லைன் மாத்தும்போது பழைய ஆயிலையே மறுபடி ஊத்தி மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க. ஒரு சின்ன பாட்டில் ஒரு பிரியாணிக் காசுக்குள்ள வரும். லைன் மாத்தாத வண்டியிலும் மேனுவலில் சொன்ன காலக்கெடுவில் ஆயில் மாத்தணும். பெரும்பாலும் ரெண்டு வருஷம்.

நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும்

"பின் பிரேக் இருக்கே?" இருக்கு. ஆனா பலமா பிரேக் அடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போயிடும். நிறுத்தற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின்னாடி மட்டும் மிதிச்சா என்ன ஆகும்னு மேலேயே சொல்லிட்டேன்.

"எங்க வண்டியில் ஏபிஎஸ் இருக்கே?" 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் இருக்கும்தான். பைக் ஏபிஎஸ் உங்களுக்காகப் பிரேக் அடிக்காது. சக்கரம் லாக் ஆகப் போகும்போது அழுத்தத்தைக் குறைச்சுக் குடுக்கும், அவ்வளவுதான். அழுத்தமே வராத லைனில் அதுக்கு வேலையே இல்லை. இன்னும் சொன்னா, ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காற்று போயிடுச்சுன்னா சில வண்டிகளில் சர்வீஸ் சென்டரின் ஸ்கேன் டூல் இல்லாம அதை எடுக்கவே முடியாது. அப்படிப்பட்ட வண்டியில் ஹாஸ்டல் பார்க்கிங்கில் ஸ்பேனர் எடுக்காதீங்க.

"மெக்கானிக் பார்த்துக்குவார்." தாராளமா. நல்ல மெக்கானிக் அண்ணனுக்கு உங்களையும் என்னையும்விட கை தெரியும். ஆனா நாம அவர்கிட்ட எப்படி நடந்துக்கறோம்? "அண்ணே, சீக்கிரம்ணே, பதினொன்றரைக்கு லேப் இருக்கு." லைன் மாட்டறதுக்குக் கூலி குடுக்க மனசு வருது, காற்று எடுக்கற முக்கால் மணி நேரத்துக்குக் கேட்டா "இதுக்குப் போயி இவ்ளோவா"ன்னு பேரம். அப்புறம் அவர் அவசரமா முடிச்சா குறை அவர் மேல. வண்டியை எடுக்கும்போது அங்கேயே லீவரை அமுக்கிப் பாருங்க. சரியில்லைன்னா மரியாதையா சொல்லி நிறுத்திட்டு, பஸ்ஸில் போங்க.

"ஹாஸ்டலிலிருந்து காலேஜ் ரெண்டு கிலோமீட்டர்தானே?" ரோட்டைக் கடக்கிற குழந்தைக்கு உங்க பயணம் எவ்வளவு தூரம்னு தெரியாது.

லேபில் இல்லாத ஒரு பயிற்சி

நாலு வருஷத்தில் நான் எத்தனையோ லேப் ரெக்கார்டு எழுதியிருக்கேன். பிஸ்டன் விட்டம் குடுத்தா காலிப்பர் விசை கண்டுபிடிக்கத் தெரியும். ஒரு நிப்பிளைக் கால் சுற்று திறக்கச் சொல்லி எந்த லேபிலும் யாரும் சொன்னதில்லை. ஆட்டோமொபைல் லேபில் வெட்டித் திறந்த மாதிரி வைத்திருக்கும் பிரேக் சிஸ்டம் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு, மஞ்சள் பெயின்ட்டில் அழகா இருக்கு. அதில் ஆயில் கிடையாது. ஆயில் இல்லாத பிரேக்கில் காற்று எடுக்கக் கத்துக்க முடியாது.

விதிவிலக்கு நம்ம ரேசிங் டீம்கள்தான். பாஹா எஸ்ஏஇ ஆகட்டும், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் ஆகட்டும், பிரேக் டெஸ்டில் நாலு சக்கரமும் லாக் ஆனால்தான் ஓட்டப் போட்டிகளுக்கே விடுவாங்க. ராத்திரி முழுக்கக் காற்று எடுத்த அனுபவம் இல்லாத டீமே இருக்காது. "ரெண்டு தடவை அமுக்கினா லாக் ஆகும் சார்"னு அங்கே இன்ஸ்பெக்டரிடம் சொல்லிப் பாருங்க, என்ன நடக்குதுன்னு. மூடிய டிராக்கில், ஹெல்மெட், பெல்ட், மெடிக்கல் டீம் எல்லாம் வெச்சு ஓட்டற வண்டிக்கு அவ்வளவு கண்டிப்பு. அதே பசங்க வெளியே வந்து பொது ரோட்டில் ஓட்டற வண்டிக்கு மட்டும் சலுகையா?

என் கோரிக்கைகள் மூணு.

ஒண்ணு, துறைத் தலைவருக்கு. ஆட்டோமொபைல் லேபில் ஒரு பயிற்சி சேர்க்கலாம். ஒரு பழைய டிஸ்க் பிரேக் செட், உள்ளே தெரியும் லைன், ஒரு பிரஷர் கேஜ். வேணும்னே காற்று விட்டு லீவரை அமுக்கச் சொல்லுங்க, அப்புறம் எடுத்துட்டு அமுக்கச் சொல்லுங்க. ஒரு தடவை கையில் அந்த வித்தியாசம் பட்டா யாருக்கும் மறக்காது. மத்த டிபார்ட்மென்ட் பசங்களுக்கும் ஒரு சனிக்கிழமை திறந்து விடுங்க.

ரெண்டு, ரேசிங் கிளப்புக்கு. உங்ககிட்ட சிரிஞ்சு, டியூப், டார்க் ரென்ச் எல்லாம் இருக்கு, அனுபவமும் இருக்கு. மாசத்துக்கு ஒரு நாள் ஹாஸ்டல் பார்க்கிங்கில் பிரேக் செக்கப் வைங்க. சரி பண்ணித் தரணும்னுகூட இல்லை. "இது ஓட்டக் கூடாது"ன்னு சொன்னாலே போதும்.

மூணு, உங்களுக்கு. பைக் வெச்சிருக்கீங்கன்னா இதைப் படிச்சு முடிச்ச கையோட கீழே போய், ஸ்டாண்டில் நிக்கும் வண்டியின் முன் லீவரை ஒரே ஒரு தடவை அமுக்குங்க. பம்ப் பண்ணாதீங்க. கெட்டியா நின்னா சந்தோஷம். ஸ்பாஞ்சு மாதிரி கிரிப் வரைக்கும் வந்தா, சரியாகும் வரை சாவி உங்க பெட்டிக்குள் இருக்கட்டும். எவ்வளவு நெருங்கின நண்பன் கேட்டாலும் "இல்லடா, பிரேக் வேலை பாக்கி இருக்கு"ன்னு சொல்லுங்க. கோவிச்சுக்குவான், ரெண்டு நாள்ல சரியாயிடும்.

பைக் கடன் வாங்கறவங்களா இருந்தா, உட்கார்றதுக்கு முன்னாடி இதே சோதனையை நீங்க பண்ணுங்க. பின்னாடி உட்கார்றவங்களும் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒண்ணும் இல்லை.

அடுத்த இதழுக்குள்ள எத்தனை வண்டி முதல் அமுக்கிலேயே பிடிச்சதுன்னு எழுதி அனுப்புங்க. பிடிக்காத வண்டிகளின் எண்ணிக்கையையும் மறைக்காம அனுப்புங்க. லேபில் அந்தப் பயிற்சி ஏன் வேணும்னு துறைத் தலைவரிடம் போய்ப் பேச எங்களுக்கு அந்தக் கணக்குதான் உதவும்.